நாலு குழாயிலும் கேட்ட நம் வீட்டுச் சேதி

பிலோமி, அப்பா எழுதுகிறேன். இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. ஒட்டாமலேதான் பெங்களூர் வண்டி கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் அவர் படித்தாலும் சரி, ஓசூரில் டீ குடிக்க இறங்குகிறவர்கள் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தாலும் சரி. ஊரே கேட்டு முடித்த சேதியை ஒட்டி அனுப்பி என்ன ஆகப்போகிறது? உன் கடுதாசி வந்தது. அம்மா படித்தாள், உன் தம்பி சவரி படித்தான், கடைசியில் எனக்கும் கொடுத்தார்கள். இந்த மாதக் கடைசியோடு ஆராய்ச்சியை விட்டுவிடப் போவதாகவும், உன் பேராசிரியரிடம் எழுதிக் கொடுக்கப் போவதாகவும், தர்மபுரியில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். பெரியம்மா மகள் ரோசியின் வாழ்க்கையைக் கெடுத்தவளுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பக்கம் எழுதியதில் ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு இல்லை. நீ என் மகள்தானா, ஆஸ்பத்திரியில் மாற்றி வைத்துவிட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படி. ரோசியின் நிச்சயத்தன்று நீ சாயங்கால வண்டி ஏறிப் போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் முடிவு எடுப்பது ஆராய்ச்சிக்காரிக்கு அழகா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே கேசட் அட்டையில் பாட்டுப் பேர் எழுதுவதற்காகத்தான். அதனால் பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பாதே. பென்னாகரத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன் பெண் பெங்களூரில் பெரிய படிப்புப் படிக்கிறாள் என்றதும் எல்லோரும் என்ன படிப்பு என்று கேட்டார்கள். எலி மூளையை வைத்து ஏதோ பார்க்கிறாள் என்று சொன்னேன். அதற்குள் எலி டாக்டர் என்று உனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தது நான்தான் என்று நீ சந்தேகப்பட்டாய். சந்தேகம் சரிதான்.

உன் வேலை எனக்குப் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாய். கடையில் ஒரு கேசட்டின் டேப் சிக்கிக்கொண்டு, நான் அதைப் பிரித்து மேசைமேல் போட்டுக்கொண்டிருந்தேன். "உன் வேலை என்னதான்னு ஒருவாட்டி ஒழுங்காச் சொல்லு, வர்றவங்க கிட்ட எலின்னு சொல்லியே மானம் போவுது" என்றேன். நீ என் டேப்பையே கையில் எடுத்துக்கொண்டாய்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பெரிய டேப் இருக்குதுன்னு வெச்சுக்கப்பா. அத வெளிய எடுக்க மாட்டாங்க. வேண்டிய எடத்த மட்டும் காப்பி எடுப்பாங்க. அந்தக் காப்பிதான் ஆர்.என்.ஏ. ஆனா காப்பியில நடுநடுவுல வேண்டாத துண்டு நெறைய வந்துடும்."

"என் ரெக்கார்டிங்ல கோழி கூவுற மாதிரி."

"ஆமா. அந்தத் துண்டெல்லாம் வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும். அதுக்குத்தான் ஸ்ப்ளைசிங்னு பேரு. ஒட்டி முடிச்சாத்தான் ஒடம்புக்கு வேண்டிய புரதம் சரியா வரும். இன்னொண்ணு கேளு. ஒரே காப்பிய தொண்டையில இருக்கிற சுரப்பி ஒரு மாதிரி வெட்டி ஒட்டுது, மூள வேற மாதிரி வெட்டி ஒட்டுது. ரெண்டு எடத்துலயும் வேற வேற சாமான் வருது."

"அட! ஒரே பாட்டு பிளேட்லருந்து நான் கல்யாண வூட்டுக்கு ஒரு கேசட், கோயிலுக்கு ஒரு கேசட் போட்டுத் தர்றேனே, அப்படியா?"

"கிட்டத்தட்ட. அந்த வேலைய ஒடம்புலயே அதிகமாப் பண்றது மூளதான்னு இப்ப நெனைக்கிறாங்க."

அப்போதுதான் நான் அந்தக் கல்யாணக் கதையைச் சொன்னேன். உனக்கு அது முன்னமே தெரியும், ஆனாலும் சொல்லச் சொல்லிக் கேட்டாய். முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரக் கேசட் சிக்கிக்கொண்டது. அவசரத்தில் அறுத்து, செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். மேசைமேல் பக்கத்து ஊர்ச் சாவு வீட்டில் ரெக்கார்டு செய்த ஒப்பாரித் துண்டும் கிடந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கவும், நாதஸ்வரம் நின்று, ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைத் துரத்தியதில் நான் கரும்புத் தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றேன். நாதஸ்வரத்தில் ஒரு குறையும் இல்லை, ஒப்பாரியிலும் ஒரு குறையும் இல்லை, ஒட்டு மாறியதுதான் வினை என்று நான் சொன்னதும் நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். "வியாதியும் சில நேரம் அப்படித்தாம்ப்பா வருது. ஆனா நீ ஒரே ஒரு வாட்டி தப்பா ஒட்டுன. ஒடம்புல அப்படி இல்ல. 'இங்க வெட்டு'ன்னு பெரிய டேப்லயே ஒரு அடையாளம் இருக்குது. அந்த அடையாளம் அழிஞ்சு போச்சுன்னா, எடுக்கிற ஒவ்வொரு காப்பியையும் தப்பாத்தான் வெட்டும். அதே டேப்தான் புள்ளைங்களுக்கும் போவும்" என்றாய். ரத்தத்தில் வருகிற ஒரு வியாதியில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், மூளை வியாதிகளில் இப்போதுதான் தேட ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னாய்.

நான் சவரியைப் பற்றிக் கேட்டேன். நீ பென்சிலைக் கேசட் ஓட்டையில் விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாய். பிறகு, "தெரியாதுப்பா. இருக்கலாம். இல்லாமலும் போவலாம்" என்றாய். அன்றைக்கு எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் படித்துவிட்டு இதைச் சொல்லத்தானா என்று நினைத்தேன். அந்தப் பதிலின் மதிப்பு எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

உன் தம்பி சின்ன வயதில் எப்படி ஓடுவான் என்று உனக்கு நினைவிருக்கும். அப்புறம் ஒகேனக்கல் பரிசலில் எழுந்து நிற்கிறவன் மாதிரி நடக்க ஆரம்பித்தான். பிறகு கை நடுங்கியது, பேச்சு இழுத்தது. புத்தி மட்டும் கத்தி மாதிரி அப்படியே இருந்தது. என்னைக் கிண்டல் செய்ய ஒரு வாக்கியம் சேர்ப்பதற்கு அவனுக்கு நேரம் ஆகும், ஆனால் சொல்லி முடிக்காமல் விடமாட்டான். சேலத்திலும் வேலூரிலும் காட்டினோம். பிறவியிலேயே வருவது என்றார்கள். உன் பெரியம்மாதான் அம்மாவைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "மாமரத்துலருந்து வுழுந்துட்டான்னு சொல்லுங்க. வூட்ல பொண்ணுங்க இருக்குதுங்க." உன் தாய்மாமாவுக்கும் இதே வியாதிதான். அவர் விஷயத்தில் கிணற்றில் விழுந்தார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் நான் அம்மாவைக் கேலி செய்வேன், உங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கிணற்றடியில் நிற்கக்கூடத் தெரியாதா என்று. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்கு விஷயம் தெரியவந்தது சவரி தடுமாற ஆரம்பித்த பிறகுதான்.

இனி நிச்சயதாம்பூலத்து நாள். ரோசிக்கு நல்ல இடம் என்று பெரியம்மா தரையில் கால் வைக்காமல் நடந்தாள். மாப்பிள்ளை ஆல்பர்ட் மின்சார வாரியத்தில் லைன்மேன், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றார்கள். மைக் செட் நம்முடையது, சொந்தக்காரன் என்பதால் ஓசி. வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒன்று, ஏரிக்கரைப் பக்கம் ஒன்று. மாதா கோயில் உபதேசியார் செபம் சொல்லி முடித்து மைக்கை என்னிடம் கொடுத்தார். நான் அதை ஆம்பிளிஃபயர் பெட்டிமேல் வைத்து, என் துண்டையும் அதன்மேல் போட்டேன். பாட்டு முடிந்திருந்தது. அடுத்த கேசட் போட வேண்டியவன், நீ வந்து படுதாவுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்காரவும் பேச்சில் விழுந்துவிட்டேன். மைக்கை மட்டும் அணைக்கவில்லை. வயிற்றுப் பிழைப்பே அதுதான், அதையே மறந்தேன். பிலோமி, நீ பேசியது தப்பு என்று எழுதியிருக்கிறாய். பேசுகிறவள் வேலை பேசுவது. மைக்கை அணைப்பது மைக் செட்காரன் வேலை. யார் வேலையில் பிசகு என்று சரியாகப் பிரித்துக்கொள்.

"பெரியம்மாகிட்ட நீயாவது கேளேம்ப்பா. எங்க பேராசிரியர் ஐயா நரம்பு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாரு" என்று நீ ஆரம்பித்தாய். ரத்தத்தை வைத்து என்ன செய்வாய் என்று நான் மறுபடி கேட்டேன். நீ மறுபடி அந்த டேப் கதை, வெட்டுகிற கதை, தொண்டை, மூளை எல்லாம் சொன்னாய். வியாதி இருக்கிறவர்கள், இல்லாதவர்கள் என்று ஒரே குடும்பத்தில் பலருடைய ரத்தம் கிடைத்தால்தான் பிசகு எங்கே என்று தேடவே முடியும் என்றாய். உன் பெரியம்மா உயிர் போனாலும் தரமாட்டாள் என்று நான் சொன்னேன். அப்போதுதான் உனக்குக் குரல் ஏறியது.

"அம்மா வழியில வருதுப்பா இது. மாமாவும் கெணத்துல வுழல, சவரியும் மரத்துலருந்து வுழல. இன்னும் எத்தன பேரு வுழுந்துகிட்டே இருப்பாங்க? ரோசிக்குப் பொறக்கிற புள்ளைக்கு வருமா வராதான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ஆனா ரத்தம் குடுக்கலன்னா என்னிக்குமே யாராலயும் சொல்ல முடியாது."

அந்த "முடியாது" ஏரிக்கு அந்தப்புறம் போய் மோதித் திரும்பி வந்தபோதுதான் நாம் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். நீ பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே போய்விட்டாய். நான் தடுத்திருக்க வேண்டும். துண்டுக்கு அடியில் கை விட்டுச் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தேன், ஏதோ இனிமேல் அணைத்தால் போனது திரும்பி வரும் என்கிற மாதிரி.

இனிமேல்தான் நீ பார்க்காதது. முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் நடுவில் சவரி உட்கார்ந்திருந்தான் அல்லவா? எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் வாயைக் கூட்டினான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "எந்த மரத்துல... ஏறுனேன்னு... எனக்கே... ரொம்ப நாளா... சந்தேகம்." மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் பொக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா காப்பித் தட்டோடு நடுப்பந்தலில் நின்றிருந்தாள். நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "ஆமாங்க. எங்கண்ணன் கெணத்துல வுழல. நடக்க முடியாமப் போயி, பேச முடியாமப் போயி, என் மடியிலதான் உசிரு போச்சுங்க" என்றாள். ஒவ்வொருவருக்கும் காப்பி கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். "ஓலை வாசிக்கிறத நிறுத்தி வெக்கச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்றார். நம் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசித்து, இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்பாரே, அதைத்தான் சொன்னார். தடையை நாம்தான் நாலு குழாயில் முன்கூட்டியே வாசித்துவிட்டோமே. அவர்கள் போன பிறகு பெரியம்மா என் முன்னால் வந்து நின்றாள். "உங்க வாய அடைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அந்த மைக்கையாவது அடைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். நான் ஏணியை எடுத்துக்கொண்டு குழாய்களைக் கழற்றப் போனேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. அதை மறைக்க மாட்டேன். பெரியம்மா நம் வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. ஆனால் ஊர் என்பது ரொம்ப நேரம் சும்மா இருக்காது அல்லவா? ஒருநாள் பால்காரர் மெல்லக் கேட்டார்: "ஏண்ணே, உங்க பொண்ணு சொன்னுதே, தொண்டையில ஒண்ணு மூளையில ஒண்ணுன்னு வெட்டி ஒட்டுதுன்னு, அது எருமைக்கும் உண்டுங்களா?" உண்டு என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். சரியா என்று எழுது. தப்பென்றால் அவரிடம் நீயே வந்து சொல்லிக்கொள்.

ரோசியும் வந்தாள். அழுது வீங்கிய முகம்தான். "பிலோமி மேல எனக்குக் கோவம் இல்ல சித்தப்பா. நானும் இந்த வூட்டுப் பொண்ணுதானே, எனக்கு ஏன் யாரும் சொல்லல? மாமா கெணத்துல வுழுந்தாருன்னுதானே நானும் நம்பிட்டு இருந்தேன்" என்றாள். கேட்டாயா? உன்மேல் கோபம் இல்லை என்று அவள் வாயால் சொன்னது இது. இதை அவளே உனக்கு எழுதுகிறேன் என்றாள். எழுதுவதற்குள் நீ அவசரப்பட்டு முடிவு கட்டிவிட்டாய்.

அப்புறம் ஒரு மத்தியானம், நான் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்தால், வீட்டு வாசலில் ஒரு அம்மா கையில் பையோடு நிற்கிறார். மாப்பிள்ளையின் அம்மா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சவரியைப் பார்க்க வேண்டும் என்றார். அவன் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து, என்ன சாப்பிடுவாய், எப்படித் தூங்குவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்களுக்கு ஒரே புள்ளன்னு சொன்னோமுங்க. அது பொய்யிங்க. ஆல்பர்ட்டுக்கு மேல ஒரு பொண்ணு இருக்குது. ஸ்டெல்லா. வலிப்புங்க அதுக்கு. நிச்சயத்தன்னிக்கு எங்கம்மா வூட்ல வுட்டுட்டு வந்தோம். எந்த நல்ல காரியத்துக்கும் அழைச்சிட்டுப் போனதில்ல. நீங்களாவது புள்ளைய மரத்துல ஏத்துனீங்க. நாங்க புள்ளையே பொறக்கலன்னு சொல்லிட்டோம்."

அம்மா போய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணு சொன்னுதே, அந்த வெட்டுற கோளாறு, அது எம்பொண்ணுக்கும் இருக்குமுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க. எம்பொண்ணுக்கும் தெரியுமான்னு தெரியல. அவ தெரியாதுன்னுதான் அடிக்கடி சொல்லுவா" என்றேன்.

"அதுக்குத்தாங்க வந்தேன்" என்றார் அந்த அம்மா. "தெரியும் தெரியும்னு சொன்னவங்க கிட்டயெல்லாம் போயிட்டு வந்துட்டேன். மந்திரிச்சாங்க, சூடு போட்டாங்க, சாட்டையால அடிச்சாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரியாது, ஆனா தேடறேன்னு சொன்ன ஒரே ஆளு உங்க பொண்ணுதாங்க. அதையும் நான் குழாயிலதான் கேட்டேன்."

பிலோமி, நீ கடையில் என்னிடம் சொன்ன, எனக்குப் பிடிக்காமல் போன அந்தப் பதில்தான் அவரைப் பஸ் ஏற்றியிருக்கிறது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம்தான், ஆனாலும் தகப்பன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீ பெரிய ஆளாகி, மேடையில் மாலை போட்டு உட்கார வைத்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை மட்டும் விட்டுவிடாதே. உன் வாயிலிருந்து வருகிற "தெரியாது" மேல் இங்கே ஒரு தாய் நம்பிக்கை வைத்திருக்கிறாள். சவரிக்கு நடை திரும்பிவிடும் என்று நீ ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. அதனால்தான் நீ என்றைக்காவது "இது கிடைத்துவிட்டதப்பா" என்று சொன்னால் நாங்கள் மறு பேச்சு இல்லாமல் நம்புவோம்.

வலிப்பைப் பற்றி நீ ஒருமுறை சொன்னது எனக்கு நினைவு வந்தது. காரணம் முழுசாகத் தெரியாவிட்டாலும் அதைக் கட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும் என்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் பெண்ணை அழைத்துப் போய்க் காட்டியதும், தர்மபுரியில் ஒரு டாக்டர் நரம்பு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார், தற்போதைக்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு வலிப்பு குறைந்திருக்கிறதாம். முழுசாக நிற்கவில்லை. ஆனால் போன ஞாயிறு அந்தப் பெண் முதல் தடவையாகத் தம்பியோடு நம் வீட்டுக்கு வந்தாள். நல்ல உயரம், நல்ல வாய். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலடி கொடுத்தாள். "உங்களைத்தான் கரும்புக் காட்டுல வெரட்டுனாங்களாமே" என்று ஆரம்பித்தாள். சவரி சொல்லி வைத்திருக்கிறான். இரண்டும் சேர்ந்து என்னை உட்கார விடவில்லை. இப்படி ஒரு பெண்ணையா இத்தனை வருஷம் பிறக்கவே இல்லை என்று சொல்லி வைத்தார்கள் என்று அன்றைக்கு எனக்குச் சிரித்துச் சிரித்தே கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆல்பர்ட் அவனுடைய அப்பாவிடம் என்ன பேசினான் என்று முழுசாகத் தெரியவில்லை. அக்காவை மறைத்து வைத்துக் கட்டுகிற கல்யாணம் வேண்டாம் என்று சொன்னானாம். அவன் அப்பா, ஓலை வாசிக்கட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். போன ஞாயிறே முதல் ஓலை வாசித்தாகிவிட்டது! தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டதும் கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. நான் மாதா சுரூபத்தைப் பார்த்தபடி பக்தியாக நின்றேன். சவரி தலையைச் சொறியக் கையைத் தூக்கினான், பெரியம்மா எட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தாள். ஆமாம், பெரியம்மா நம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ரோசியும் ஆல்பர்ட்டும் தனியாக உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். பிள்ளைக்கு வருமா என்கிற பயம் அவர்களுக்குப் போகவில்லை. போகவும் போகாது. கேட்டாலும் இன்றைக்கு உன்னாலும் பதில் சொல்ல முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொள்கிறார்கள். பயத்தை இரண்டு பேரும் சேர்ந்து சுமக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நானும் உன் அம்மாவும் அதைத் தனித்தனியாகச் சுமந்தவர்கள், ஒரே வீட்டில் இருந்துகொண்டே. எது லேசு என்று எனக்குத் தெரியும். நாளைக்கு உனக்கு ஒரு துணை வந்தால், அவனிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடு. சம்மதித்து உட்கார்ந்தால் சரி, எழுந்து போனாலும் சரி, அவனுக்கும் காப்பி கொடுத்து அனுப்பலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா ரத்தம் தருகிறாள். நேற்று வந்து, "ஊசி குத்துனா ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். ஆறு பிள்ளை பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? நான் சிரித்ததற்கு முறைத்துவிட்டு, தன் மூன்று பெண்களும் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆல்பர்ட்டின் அம்மா ஸ்டெல்லாவை அந்த நரம்பு ஆஸ்பத்திரியிலேயே காட்ட அழைத்து வருகிறார். வரும் செவ்வாய்க்கிழமை முதல் வண்டியில் எல்லோரும் பெங்களூர் வருகிறோம். ஜன்னல் சீட்டுக்குச் சவரியும் ஸ்டெல்லாவும் இப்போதே சண்டை. எனக்கு ரத்தம் கொடுக்கப் பயம் இல்லை, ஆனால் எனக்குச் சோறு யார் கட்டித் தருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

நீ விலகப்போகிறாய் என்று அவர்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். உன் கடுதாசியைப் படித்த அன்று சவரி அதை மடித்து என்னிடம் கொடுத்தான். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவன் எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்துப் படித்துக்கொள். "எனக்கு ஆவாட்டியும் பரவால்ல. அவ அதுக்குள்ள கண்டுபுடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா அவ வுட்டுட்டா, ரோசி புள்ளைக்கு யாரு தேடுவா?"

இதற்கு நான் என்ன சேர்ப்பது? உன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டது என்று நினைத்து விலகப் பார்த்தாய். கெடவில்லை, உன்னால் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறாள். இந்தக் கணக்கில் பிசகு இருந்தால் நேரில் சொல். இத்தனை வருஷம் வியாதியின் பேர் சொல்லவே கூச்சப்பட்ட ஜனங்கள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் யாரிடம் போய் நீட்டுவது என்று தெரியாமல் நிற்க வைத்துவிடாதே. செவ்வாய்க்கிழமை நாங்கள் வந்து இறங்கும்போது நீ அங்கே இரு.

அப்பா